நிமிடத்துக்கு அறுபது லிட்டர்

பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் எங்களுடையது.
பாரதிபுரம், ஒட்டப்பட்டி, பென்னாகரம் ரோட்டு மெஸ்கள்,
யாருக்கு எத்தனை லோடு, யார் தரவேண்டியது எவ்வளவு
எல்லாம் என் நோட்டில்.
ஓட்டுவது அவர். எழுதுவது நான்.

அதனால்தான் டூட்டி டாக்டர்
"நிமிஷத்துக்கு அறுபது லிட்டர் போகுதும்மா" என்றதும்
பயம் வருவதற்கு முன்னால்
கணக்கு வந்துவிட்டது எனக்கு.
மூன்று மணி இருபது நிமிடத்துக்கு ஒரு டேங்கர்.
ஒரே ஆளுக்கு.
அதுவும் மூக்கு வழியாக.

தர்மபுரி பெரியாஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
மூக்கில் மெத்தென்று இரண்டு முனை,
காதுக்கு மேலே ஒரு பட்டை.
வறண்ட காற்று உள்ளே போனால் புண்ணாகுமாம்,
காய்ச்சி, ஈரமாக்கித்தான் அனுப்புகிறது மிஷின்.
கம்பியில் தொங்குகிறது அதற்கான தண்ணீர்ப் பை.
சொட்டு. பிறகு ஒரு சொட்டு.
பாதி ஊருக்குத் தண்ணீர் ஊற்றியவருக்கு
இன்றைக்கு இவ்வளவுதான் லோடு.

"ரெண்டு மணி நேரம் பார்ப்போம்.
மூச்சு வேகம் இறங்கலைன்னா தொண்டையில டியூப்.
மயக்கம் குடுத்துடுவோம், பேச முடியாது."
கையெழுத்தை இப்போதே வாங்கிக்கொண்டார்கள்.
பேனா என்னுடையது,
லோடு எழுதுகிற பேனா.

சிஸ்டர் தமயந்தி கடிகாரத்தையும் அவர் நெஞ்சையும்
மாறி மாறிப் பார்த்தார், ஒரு நிமிடம் முழுக்க.
முப்பத்தெட்டு.
தண்ணீர் கீழே போய்விட்ட போரில்
மோட்டார் காற்றை இழுப்பது போல
கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது.
நானும் எண்ணியிருந்தேன். முப்பத்தாறு.
"ரெண்ட விட்டுட்டீங்க" என்றார் சிஸ்டர்.
என் நோட்டில் அப்படி நடந்ததில்லை.

குப்புறப் படுக்கச் சொன்னார்கள்.
ஸ்டியரிங்கைப் பிடிப்பது போலத் தலையணையைப் பிடித்துப் படுத்தார்.
ஒரு மணிக்கு முப்பத்துநாலு.
இரண்டேகாலுக்கு முப்பத்தொன்று.
பக்கத்துக் கட்டிலுக்குத் திரை இழுத்தார்கள்.
நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
செருப்புப் போட மறந்து
ஒரு பெண் வராந்தாவுக்குப் போனது மட்டும் தெரிந்தது.

ஐந்தரைக்கு இருபத்தாறு.
டாக்டர் வந்து பார்த்தார், எதையோ திருகினார். ஐம்பது.
அப்படியென்றால்
நான்கு மணி நேரத்துக்கு ஒரு டேங்கர்.

போன் அடித்தது. மெஸ்காரர்.
"அக்கா, லோடு எப்ப வரும்? அரிசி களையணும்."
வாய் வரவில்லை எனக்கு.
தலையணைக்குள்ளிருந்து, காற்றின் இரைச்சலோடு,
மூக்கைத்தானே மிஷின் எடுத்துக்கொண்டது,
வாய் இன்னும் அவருடையது:
"போன மாசம்... ரெண்டு லோடு...
பாக்கியக் கேளு."

நோட்டைப் பிரித்தேன்.
மூன்று.
ஒன்றை விட்டுவிட்டார்.