பகல் தூக்கத்துக்கு ஒரு வீடு

வீடு பார்க்கிறவர்கள் மாலையில் போகிறார்கள்,
வெயில் தாழ்ந்து சுவர்கள் எல்லாம்
நல்ல நிறம் காட்டும் நேரம்.
நான் காலை பத்து மணிக்குப் போனேன்,
வாட்டு நெடி மாறாத கைகளோடு,
பதினெட்டுக் கட்டில்களின் இரவை
இன்னும் இமைக்குள் வைத்துக்கொண்டு.
பத்து மணிக்கு ஒரு வீடு
என்ன சத்தம் போடுகிறது
என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

தரகர் கிருபைராசாவுக்கு இது விளங்கவில்லை.
"அற்றாச் பாத்றூம் இருக்கு, தங்கச்சி,
டைல்ஸ் போட்டது, கேற்றும் தனி"
என்று அவர் அடுக்கிக்கொண்டு போக
நான் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன்.

திருநெல்வேலியில் மேல்மாடி.
பக்கத்து வளவில் ரியூசன் கொட்டகை.
முந்நூறு பிள்ளைகளுக்கு ஒருவர்
ஒலிவாங்கியில் உராய்வு விசை படிப்பித்தார்.
"விளங்கினதோ, பிள்ளைகள்?"
விளங்கியது, சேர்.
படியிறங்கிவிட்டேன்.

கொக்குவில் வீட்டுக்காரர் ரொறன்ரோவில்.
ஃபோன் திரையில் முகம், அங்கே நடுச்சாமம்,
அவருக்கும் தூக்கமில்லை.
மூன்று அறையில் ஒன்றுக்குப் பூட்டு,
"அதுக்குள்ள எங்கட சாமான்."
"மிஸ்டர் என்ன செய்யிறார்?"
மிஸ்டர் இல்லை.
"இரவு வேலை எண்டால்... ஆர் கொண்டுவந்து விடுறது?"
ஸ்கூட்டி, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. படம் உறைந்து நின்றது,
வாய் திறந்தபடி.

நல்லூரில் ஓர் அனெக்ஸ். கிணறு தித்திப்பு.
கையில் ஏந்திக் குடித்துவிட்டு
இங்கேயே இருந்துவிடலாம் என்று
ஒரு நிமிடம் நினைத்தேன்.
"மச்சம் புழங்கக் கூடாது." சரி.
"சொந்த இடம் எது?" சொன்னேன்.
"அதில எந்தப் பக்கம்?" சொன்னேன்.
"அதில ஆற்ற ஆக்கள்?"
வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.
ஆறு மாத அட்வான்ஸ் கட்டாது என்று
கிருபைராசாவிடம் சொன்னேன்.
அவருக்குக் காரணம் தெரியும்.
தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

சந்தியில் தேத்தண்ணி குடிக்கும்போது,
"ஒண்டு இருக்கு" என்றார். "நீங்கள் விரும்ப மாட்டீங்கள்."

குருநகர். கடலில் போய் முடிகிற ஒழுங்கை.
வேலி நெடுக வலை, ஓட்டு வீடு, ஒற்றை அறை.
உப்புக் கிணறு, சவர்க்காரம் நுரைக்காது.
குடிக்கிற தண்ணீர் பவுசரில்,
செவ்வாயும் வெள்ளியும், அதுவும் வந்தால்.
மன்னிப்புக் கேட்கும் குரலில்
அவர் குறைகளை எண்ணினார்.
நான் எண்ணியது வேறு:
மணி பத்தே கால். ஒரு ரேடியோ இல்லை.
கிரைண்டர் இல்லை.
பந்து அடித்த பொடியனை ஒரு பெண்
சத்தமே இல்லாமல் பேசினாள்,
உதட்டாலும் விளக்குமாற்றாலும்.
நாய்கூட எங்களை முறைத்ததோடு சரி.

"ஆரும் இல்லையோ இங்க?"
வீட்டுக்கார எமில்டா விரலை உதட்டில் வைத்தாள்.
"எல்லாரும் நித்திரை. விடிய நாலுக்குத்தான்
கரைக்கு வந்தவை."
ஜன்னல்களில் சாக்கு, பழைய சாரம், ஒரு போர்வை.
ஒழுங்கை முழுக்கப் பகலை
வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"இரவு வேலையோ?" அவளும்தான் கேட்டாள்.
ஓம்.
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்ப நான் ரெண்டு மணிக்கு முதல் மாவிடிக்கமாட்டன்.
வாடகையை ஜன்னலால தாங்கோ,
கதவு தட்டமாட்டன்."

தலைமயிர் இப்போது கயிறு.
வெள்ளைச் சீருடை மூன்றாம் தோய்ப்பில்
பழுப்பாகிவிட்டது, மேற்றன் இரண்டு முறை கேட்டுவிட்டார்.
குருநகரோ, என்று சகதாதிமார்
வேறொரு குரலில் கேட்கிறார்கள்.

காலை எட்டு மணிக்கு முனையிலேயே
என்ஜினை நிறுத்திவிட்டு
ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறேன்.
யாரும் சொல்லித் தரவில்லை.
நாலாம் நாள்தான் கவனித்தேன்:
பிந்திக் கரையேறி எதிரே வந்தவர்
தோளில் வலையும்
கையில் செருப்புமாக நடந்துபோனார்.