ஆள்காட்டி மறித்த பாதை

ஒரு சுற்று எண்ணூற்று நாற்பது மீட்டர்.
நான் இடமாகப் போவேன்.
முனிரத்னம்மா வலமாக வருவாள்.
பேசி வைத்துக்கொண்டதில்லை,
பேச்சை விட்டே
பத்தொன்பது மாதமாகிறது.

இருவருக்கும் சர்க்கரை.
இருவருக்கும் அதே டாக்டர்.
ஓசூரில் எங்கள் தெருக்களுக்கும்
சிப்காட் சங்குக்கும் நடுவே
நடக்கச் சொல்லி விட்டுவைத்தது
இந்த ஒரு பச்சையைத்தான்.

வட்டத்தின் கணக்கு பொல்லாதது.
எதிரெதிரே நடந்தால்
சுற்றுக்கு இருமுறை பார்த்தாக வேண்டும்.
புங்கமரத்தடியில் ஒருமுறை:
அவள் மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொள்வாள்.
நகராட்சி வெட்டாமல் விட்ட புதர்க்காட்டருகே மறுமுறை:
நான் உண்ணிப்பூவைப் பார்ப்பேன்.
மார்கழிப் பனியில் பூ எங்கே தெரியும்,
ஆனாலும் பார்ப்பேன்.
நாற்பதாயிரம் சீட்டுப்பணம்
எங்கள் நடுவே
தோள் இடிக்காமல் கடந்துபோகும்.

பங்குனி பிறந்த வாரம்
கல் பதிக்கக் கொட்டிய ஜல்லியில்,
புதர்க்காட்டை ஒட்டிப் பாதை நடுவிலேயே,
முட்டையிட்டது ஓர் ஆள்காட்டி.
எது ஜல்லி எது முட்டை என்று
அது கத்திய கத்தலில்தான் தெரிந்தது.
வாட்ச்மேன் சின்னராஜப்பா
இந்தப் பக்கம் முள்கிளை
அந்தப் பக்கம் சைக்கிள் டயர் வைத்து
வழியை அடைத்தார்.
கான்ட்ராக்டர் எகிறினாராம்.
"உங்க பில்லு எட்டு மாசமா தூங்குது சார்,
இது ஒரு மாசம் தூங்கட்டுமே."

வட்டம் அறுந்தது.
நான் முள்கிளை வரை போய் நின்றேன்.
டயருக்கு அந்தப் பக்கம்
அவள் வந்து நின்றாள்.
நடுவே பத்தடி ஜல்லி.
பறவை அவளைப் பார்த்துக் கத்தியது,
திரும்பி என்னைப் பார்த்துக் கத்தியது.
யாரைக் காட்டிக்கொடுக்கிறது என்று
இருவருக்கும் தெரியவில்லை.
திரும்பி நடந்தோம்.

இப்படியே பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள்
அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது:
"அங்கேருந்து பாத்தா நாலும் இருக்கா?"
நான்கு பத்தாயிரம் என்றுதான்
முதலில் மனசுக்குள் விழுந்தது.
எக்கிப் பார்த்தேன்.
"இருக்கு" என்றேன்.
"எனக்கு மூணுதான் தெரியுது" என்றாள்.

பிறகு ஒரு காலை
முட்டையும் இல்லை, கத்தலும் இல்லை.
ஓட்டுத் துண்டு இரண்டு கிடந்தது.
புதருக்குள் ஏதோ
பஞ்சுபோல ஓடியதாகச்
சின்னராஜப்பா சொன்னார்.
டயரை உருட்டிக்கொண்டு போனார்.

கல் பதித்தாகிவிட்டது.
நான் இடம், அவள் வலம்.
பணம் இன்னும் வரவில்லை.
நேற்று புங்கமரத்தடியில்
செருப்பு வார் அறுந்து நின்றாள்.
வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக்
கழற்றிக் கொடுத்தேன்.

அதையும் எழுதி வைத்திருக்கிறேன்,
நாற்பதாயிரத்துக்குக் கீழே.