ஐந்து மில்லிமீட்டர்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறோம்,
நானும் ஹியான் ஹுவாட்டும்.
மெக்ரிட்சி காட்டில் பலகைப்பாதை முடிகிற இடத்தில்
'இதற்கு மேல் போகாதீர்' என்று எழுதியிருக்கும்.
அதைத் தாண்டினால்தான் எங்கள் வேலை.

பிரம்பு முள் சட்டைக் கையைப் பிடித்து இழுக்கும்.
ஓடையில் பூட்ஸ் நிறையும்.
நாற்பது நிமிடம் கழித்து
வளைந்தவற்றுக்கு நடுவே திடீரென்று ஒரு நேர்கோடு:
கருங்கல் படிகள்.
மேலே ஒரு தொட்டி, ஒற்றைக் கல்லில் குடைந்தது,
கும்பிட வந்தவர்கள் கை கழுவ.

ஜப்பான்காரன் காலத்துக் கல்.
கட்டியவனே தோற்றபோது கொளுத்திவிட்டுப் போனான்.
மரம் எரிந்தது.
கல் எரியவில்லை, அவ்வளவுதான்.

படிவத்தில் பதினான்கு கேள்விகள்.
பாசி உண்டா? உண்டு.
சுரண்ட வேண்டாம் என்று சுற்றறிக்கை இருக்கிறது;
பாசி போனால் கல்லின் தோலும் கூடவே போகுமாம்.
இடுக்கில் முளைத்த செடிகள்: ஏழு.
மூங்கில் குச்சியால்தான் கிளற வேண்டும்.
இரும்பு ஆகாது, மருந்து ஆகாது, அவசரமும் ஆகாது.
தேங்கிய நீர் உண்டா?
இங்கேதான் பேனா நிற்கும்.
உண்டு என்றால் கொசு மருந்து தெளிப்பார்கள்.
தொட்டியில் தலைப்பிரட்டைகள்,
பின்கால் இப்போதுதான் முளைத்தவை,
என் நிழல் விழுந்ததும் ஒரே மூலைக்கு ஓடுகின்றன.
'உண்டு. புழு இல்லை. புழுவைத் தின்பவை இருக்கின்றன'
என்று ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்.

ஹியான் ஹுவாட் இந்தப் படியில் உட்காரமாட்டார்.
எட்டு முறை வந்திருக்கிறோம்,
எட்டு முறையும் நின்றபடியே சாப்பிட்டார்,
ஒரு கையில் பொட்டலம், மறு கையில் கரண்டி.
நான் கேட்டதில்லை.
அப்பாவின் அண்ணன் பெயரை
ஒருமுறை போகிறபோக்கில் சொன்னார்.
லாரி என்ற சொல்லையும்.
அதற்குள் மழை வந்துவிட்டது.

ஆனாலும் பல் துலக்கும் பிரஷை எடுத்து
இந்தக் கல்லின் மூலைமுடுக்கை
அவர் துடைக்கிற துடைப்பைப் பார்க்க வேண்டுமே!
பகையாளி வீட்டுப் பாத்திரத்தைக்
கீறல் விழாமல் திருப்பித் தர வேண்டியவர் மாதிரி.

நான்காவது படியில்தான் சிக்கல்.
ஓர் அத்தி,
கட்டைவிரல் தடிமனில் ஒரு வேரை
இரண்டு கல்லுக்கு நடுவே விட்டிருக்கிறது.
மரத்தை வெட்டக் கூடாது. கல்லை விடக் கூடாது.
இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு,
ஒரே கட்டடத்தின் வேறு வேறு மாடியில்.
கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள்;
எங்களுக்கு இரண்டையும் ஒருசேரக் காணச் சம்பளம்.

பிளவு ஐந்து மில்லிமீட்டரைத் தொட்டால்
மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும்.
சொன்னால் கூட்டம்.
கூட்டத்தில் எவராவது ஒருவர்
எடுத்து வந்து கண்ணாடிக்குள் வைத்துவிடலாமே என்பார்.

சென்ற முறை நான்கு புள்ளி நான்கு.
இன்று தகட்டை நுழைத்தேன்.
கோட்டின் மேல் நின்றதா, கோட்டுக்கு முன்னாலா?
வியர்வை கண்ணில் இறங்கியது.
நான்கு புள்ளி ஒன்பது என்று எழுதலாம்.
பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாத எண்.
இன்னும் மூன்று மாதம்
வேரும் கல்லும் தமக்குள் பேசிக்கொள்ளட்டும்.

"ஐந்து" என்றார் ஹியான் ஹுவாட், என் தோளுக்குப் பின்னாலிருந்து.
"கொண்டுபோய்விடுவார்கள்."
"கொண்டுபோகட்டும், இங்கேயே கிடக்கட்டும்.
குறைத்து மட்டும் எழுதாதே ராணி.
எத்தனை பேர் என்று கேட்டபோதும்
குறைத்துத்தான் எழுதினார்கள்."

ஐந்து என்று எழுதினேன்.
சுழியை அழுத்திப் போட்டதில் தாள் லேசாகக் கிழிந்தது.

தேதி, நேரம், இருவர் கையெழுத்து.
அட்டையை வைத்து எழுத அவர் இடம் தேடினார்.
படி இருந்தது, தட்டையாக, இப்போதுதான் துடைத்தது.
அத்தி மரத்தின் மேல் வைத்துக் கையெழுத்திட்டார்.