இரண்டு வளைவுகள்

கூரைக்கடியில் ஐம்பது வருஷம் கிடந்த பெட்டியை
இரண்டு பையன்கள் தூக்கி வந்து
என் ஷெட் வாசலில் வைத்துவிட்டுத் தும்மினார்கள்.
பின்னாலேயே பெவர்லி ட்ரெம்பாத்,
பாலராட்டின் ஜூலைக் காற்றுக்குக்
கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு.

"காப்பி மேசையாக்கிக் கொடு, கோதை.
இந்த வாடையை ஒழித்துவிடு.
அப்புறம், மூடியில் 'ஈ. ட்ரெம்பாத்' என்றிருக்கிறதே,
அந்த ஈயைப் பி ஆக்க முடியுமா?
வலப்பக்கம் இரண்டு வளைவுதானே.
முழுப் பெயரும் எழுதினால்
நீ கூலி கூடக் கேட்பாய்."

ஈ என்றால் ஈனிட். க்ளைவின் முதல் மனைவி.
பெவர்லிக்குத் தெரிந்ததே அவ்வளவுதான்.
மீதியைச் சொல்லியிருக்கவேண்டிய மனிதர்
ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார், சொல்லாமலே.

தகரத்தின் துருவுக்கு இரும்புப் பஞ்சு.
மரப்பட்டைகளுக்கு ஆளிவிதை எண்ணெய்.
பித்தளை மூலைகளுக்குப் புளி;
பாலிஷ் எல்லாவற்றையும் ஒரே வயதாக்கிவிடும்,
புளி அப்படிச் செய்யாது.
இற்றுப்போன தோல் கைப்பிடி
தொட்டதும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.
வாடைக்குப் பூனைமணல் ஒரு மூட்டை, கரித்துண்டு,
மூன்று நாள் வெயில்.
(இந்த ஊரில் மூன்று நாள் வெயில் சேர
மூன்று வாரம் ஆகும்.)
அப்படியும் போகவில்லை.
அந்துருண்டைக்கு வீம்பு அதிகம்.

உள்தாளை ஈரத்துணி வைத்து உரித்தேன். நீலப் பூக்கள்.
தாளுக்கும் பலகைக்கும் நடுவே
கிழிசல் வழியாக நழுவி விழுந்த
இன்னொரு தாள். பென்சில் எழுத்து.

கம்பளிக் காலுறை நான்கு ஜோடி.
இருமல் மருந்து.
காற்றில் பறக்காத தொப்பி.
கடிதத்தாள், நிறைய.

'நிறைய'வின் கீழே இரண்டு கோடுகள்,
இரண்டாவது, தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில்.

போன் செய்தேன். வந்தாள்.
கண்ணாடியைக் கைப்பையில் தேடி,
தலையில் கண்டுபிடித்து,
வாசித்தாள்.
"க்ளைவ் எழுத்து" என்றாள்.
வெளியே தகரக் கூரையில் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது.
அது நிற்கும்வரை இருவரும் பேசவில்லை,
பேசினாலும் கேட்டிருக்காது.

"எனக்கு அந்த ஆள்
ஒரு சாண்ட்விச்கூடக் கட்டித் தந்ததில்லை."

அவள் எங்கே போனாள் என்று கேட்டேன்.
தெரியாதாம்.
திரும்பி வந்தாளா?
பெட்டி வந்திருக்கிறதே என்றாள்.

பிறகு கையுறையை மாட்டிக்கொண்டே,
"அந்த ஈயை அப்படியே விட்டுவிடு" என்றாள்.
"கூலியைக் குறைத்துக்கொள்."

மைதாப் பசை காய்ச்சி
மூடியின் உட்புறத்தில் அந்தச் சீட்டை ஒட்டினேன்.
மேலே ஷெல்லாக் இரண்டு கை.
திறக்கிறவருக்கு மட்டும் தெரியும்,
நேராக, தலைகீழாக இல்லாமல்.

செப்டம்பரில் ஒரு படம் அனுப்பினாள்:
பெட்டிமேல் இரண்டு கால்கள்,
ஒன்று பச்சைக் காலுறை, ஒன்று பழுப்பு.
நடுவே ஈ. பக்கத்திலேயே,
கீழே எதுவும் வைக்காமல்,
ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பை.
கறை விழும் என்று எழுதினேன்.
விழட்டும் என்று பதில் வந்தது.

பழைய எழுத்தின் பழுப்புக்கு ஒத்துப்போக
வெள்ளைப் பெயிண்டில் தேயிலைச் சாயம் விட்டு
ஜாம் பாட்டில் மூடியில் கலந்து வைத்திருந்தேன்.
ஷெட்டின் ஜன்னலோரம் அது காய்ந்துபோய் இருக்கிறது,
கச்சிதமாக
இரண்டு வளைவுக்கு மட்டும் காணும் அளவு.