ஐந்தா, பத்தா

ஹோங்கின் ஆபீஸ் கோழிச்சோற்றுக் கடைக்கு மேல்மாடியில்.
பதினெட்டாம் படியில் முழங்கால் சொல்லிவிட்டது
எனக்கு வயது அறுபத்தெட்டு என்று.

மேசையில் தாள்களைப் பரப்பினான்.
ஐந்து வருட விசா: வைப்புத்தொகை குறைவு.
பத்து வருடம் என்றால்
என் வீடு விற்ற காசில் பாதி
பகாவ் பேங்கில் படுத்துக்கிடக்க வேண்டும்.
இன்னொரு வழியும் உண்டாம்.
சுற்றுலா வந்தவளாக இருந்து
மூன்று மாதத்துக்கொருமுறை பஸ் ஏறி
சிங்கப்பூரில் ஒரு ராத்திரி தூங்கித் திரும்புவது.
"நெறைய பேரு செய்றாங்க ஆன்ட்டி.
ஒருநாளு கேள்வி கேட்டான்னா, அதோட சரி."

அவன் தமிழ் தடங்கலில்லாமல் வருகிறது.
நான் லீட்ஸ் ஆஸ்பத்திரியில் நாற்பத்தோரு வருடம்
தமிழில் எண்ணியது நாடித்துடிப்பை மட்டும்.

ஆறாவது கட்டம், பிறந்த இடம்.
பகாவ்.
ஏழாவது, வருகையின் நோக்கம்.
பேனா நின்றது.
கீழே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.
"ஓய்வுன்னு போடுங்க," என்றான் ஹோங்.

நீல ஐ.சி.யை யாரும் பிடுங்கவில்லை.
ஒரு வியாழக்கிழமை, மழைக்கோட்டோடு வரிசையில் நின்று
நானேதான் கொடுத்தேன்.
ரசீது தந்தார்கள். வீட்டுக் கடன் கிடைத்தது.

அக்கா அமிர்தவல்லிக்கு இன்னும் சிவப்பு ஐ.சி.
அவள் பிறந்த வாரம்
எஸ்டேட் கிராணி பெயர் பதிய மறந்துபோனார்.
இந்த ஊரை விட்டு அவள் போனதெல்லாம்
குவாலா பிலா பெரியாஸ்பத்திரி வரைக்கும்தான்.
எத்தனை வருஷம் இருக்கப்போறே என்று
அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை;
இரு என்றும் சொன்னதில்லை.

கணக்குப் போட்டேன்.
அம்மா எழுபத்துமூன்றில். அப்பா அதற்கும் முன்னால்.
எனக்கு ரத்தக்கொதிப்புக்கு இரண்டு மாத்திரை,
சர்க்கரை எல்லைக்கோட்டில்.
வேறொரு நோயாளியின் அட்டையாயிருந்தால்
ஐந்தே தாராளம் என்றிருப்பேன்.

"நடுவுல நான் போயிட்டா
டெப்பாசிட் காசு?"
ஹோங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
"அதுக்கும் ஒரு பாரம் இருக்கு, ஆன்ட்டி."

பத்தில் கையெழுத்துப் போட்டேன்.
நம்பிக்கை என்று யாரும் நினைக்க வேண்டாம்.
எழுபத்துமூன்று வயதில்
இந்தப் படியை இன்னொரு தடவை ஏற முடியாது.

கீழே அக்கா கோப்பி ஆறக் காத்திருந்தாள்.
"எத்தன?"
"பத்து."
கொஞ்ச நேரம் லோரியையே பார்த்தாள்.
"அப்ப பின்னறைக்கு
ஒரு நல்ல காத்தாடியா வாங்கணும்," என்றாள்.