ஓரெழுத்துப் பலமொழி

வடாலா டெப்போவை விட்டுக் கிளம்பும்போதே
மழை எங்களுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது.
நான் கண்டக்டர்.
என் பாஷையில் இரண்டே சொல்:
கயிற்றை ஒரு தரம் இழுத்தால் நில்,
இரண்டு தரம் இழுத்தால் போ.
டிரைவர் குரவுக்கு அதில் ஒருநாளும் ஐயம் வந்ததில்லை.

மற்றதெல்லாம் குழப்பம்தான்.
'பஸ்' என்று நான் வாயைத் திறந்தால்
மராத்திக்காரர் உட்காருவார்,
இந்திக்காரர் போதுமென்று கையை எடுத்துக்கொள்வார்,
வண்டி தன்னைத்தான் கூப்பிட்டதாக உறுமும்.
லத்தீனில் 'எல்லாருக்குமாக' என்றொரு சொல் இருந்ததாம்.
அதன் வாலை மட்டும் நறுக்கி
ஆறு சக்கரம் மாட்டியதுதான் பஸ் என்று
கேன்டீனில் யாரோ சொன்னார்கள்.
வாலுக்குத் தனியே அர்த்தமே கிடையாதாம்.

அன்றும் வாலில்தான் ஆரம்பித்தது.
பின்வாசல் பக்கம், ஈரக் குடைகளுக்கு அடியில்
ஒரு சின்னக் குரல்:
பா.

மூன்று வயது இருக்கும். மஞ்சள் கவுன்.
பா, பா.

ஹன்சாபென் முதலில் எழுந்தார்.
குஜராத்தியில் அது அம்மா.
இவள் அம்மா யார், இவள் அம்மா யார் என்று
முன்வாசல்வரை கேள்வியை உருட்டிவிட்டார்.
ராய்ச்சூர் மேஸ்திரி அனுமந்தப்பாவுக்குக் கன்னடத்தில்
அது வா.
சிமெண்ட் காய்ந்த கையோடு
வந்தேன் வந்தேன் என்று கிட்டே போனவர்
போனபின் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.
பாப்பா என்பதில் பாதி, அப்பனைத் தேடுகிறாள்
என்றான் காதில் ஒயர் செருகியிருந்த பையன்.

நான் தமிழ்.
தொண்டை அதிர்ந்தாலும் அதிராவிட்டாலும்
எங்களுக்கு ஒரே எழுத்து.
கேட்டதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்,
புரியவேண்டும் என்று கட்டாயமில்லை.
சயான் முனிசிபல் பள்ளியில்
ஓரெழுத்து ஒருமொழி நாற்பத்திரண்டையும்
மூச்சுவிடாமல் ஒப்பித்தவள்.
ஆ, பசு. கா, சோலை. பா, பாட்டு.
இந்த நெரிசலில் பாட்டா கேட்கிறாள்?

இரண்டு மாத்திரை நெடில் மூன்றாகி, ஐந்தாகி,
அளபெடையும் தாண்டி
வெறும் அழுகையானது.

ஜவேரி பஜார் பட்டறைக்குப் போகிற நிதாய் கர்மகார்
கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.
கண்ணைத் திறந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை.
குனிந்தார்.
வங்காளத்தில் பா என்றால் கால்.

தரைத் தகடு வாய்பிளந்த இடத்தில்
கணுக்கால்வரை மாட்டியிருந்தது.
நாங்கள் அத்தனை பேரும்
அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மணி. வண்டி நின்றது.
சங்கிலிக் கொக்கியைக் கழற்றும் விரல்களால்
வாரை அவிழ்த்து, குதிகாலைக் கொஞ்சம் திருப்பி
எடுத்துவிட்டார். ஒரு கீறல்.
கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தவளிடம்
அவள் சொன்னது: மா.
அதில் யாருக்கும் சந்தேகமில்லை.
எங்களில் அது மரமும்தான், நான் வாயைத் திறக்கவில்லை.

யாப்பில் எனக்கு முப்பத்து நாலு. ஒரு மார்க்கில் போச்சு.
பாவுக்கு அடி உண்டு, அடியைப் பிணைப்பது தளை,
உதாரணம் தருக என்று கேட்டிருந்தார்கள்.
அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

பைகுல்லாவில் இறங்கிப் போனார்கள்.
இரண்டு மணி.
வண்டி நகர்ந்ததும் பாலமூர் நரசம்மா கத்தினாள்:
செப்பு! செப்பு!
பழந்தமிழ் பேசுகிறாளே என்று
என்னத்தைச் சொல்ல, என்றேன்.
தலையில் அடித்துக்கொண்டு தரையைக் காட்டினாள்.
தகட்டின் வாயில் ஒரு சிவப்புச் செருப்பு,
என் உள்ளங்கையில் பாதி.
தெலுங்கில் சொல்லுவதும் செப்பு, அதுவும் செப்பு.

'சப்பல், இடது, ஒன்று'
என்று மராத்தியில் பதிவேட்டில் எழுதினேன்.
யாரும் கேட்டு வரவில்லை.
டூட்டி முடிந்து காசு கட்டும்போதெல்லாம்
கம்பி அலமாரிக்குள்ளிருந்து
செப்பு என்கிறது.

தகட்டை இன்னும் ஆணியடிக்கவில்லை.