நாற்பது

கிரான்போர்னைத் தாண்டி
மாட்டுப் பண்ணைகள் வீட்டு மனைகளாகிக்கொண்டிருக்கும் வீதியில்
நாற்பது என்று எழுதிய பலகைகளை
மார்ச் மாதம் நான்தான் வைத்தேன்.
இருபத்திரண்டு பலகை.
ஒவ்வொன்றின் காலிலும் இரண்டு மணல் மூட்டை,
காற்றுக்கு விழாது.

அதுவரை எண்பதில் ஓடிய வீதி.
ஆறு கிழமை வேலை என்றார்கள்.
மூன்றாம் கிழமை
குழாய்க்காரருக்கும் தார்க்காரருக்கும் கணக்குத் தகராறு.
இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
பலகைகளைக் கழற்றவா என்று கேட்டேன்.
கழற்ற ஒரு நாள் கூலி, திரும்ப வைக்க ஒரு நாள் கூலி,
கிடக்கட்டும் என்றான் கிரெய்க்.

கிடந்தன.
தோண்டிய பள்ளத்தில் மழைத்தண்ணி தேங்கி
இரண்டு வாத்துகள் குடிவந்தன.
அவற்றுக்காகவா
இத்தனை சனம் மெல்லப் போவது?

முதல் நாட்களில் போனார்கள்தான்,
பூசைக்கு வரிசையில் நிற்பவர்கள் மாதிரி
முன்னால் இருப்பவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு.
பிறகு ஐம்பது.
பிறகு ஒரு வெள்ளை யூட்
நாற்பதில் போன கிழவரை ஹாரன் அடித்தே ஓரம் கட்டியது.
அன்றோடு
சட்டப்படி போகிறவர்தான் அந்த வீதியில் குற்றவாளி.

மச்சாள் தயாபரியின் புருசன்
ஒரு ஞாயிறு கேமரா வானில் அகப்பட்டான்.
வெறும் வீதி, வெறும் பலகை, முழுத் தண்டம்.
கட்டினான்.
இப்போது பள்ளிக்கூட வாசல் நாற்பதையும்
அதே வாயால் திட்டுகிறான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.
சந்தைக்குப் போய்த் திரும்பும்போது
எதிரே வந்த கார் இரண்டு தரம் வெளிச்சம் அடித்தது.
கேமரா நிற்கிறது என்று அர்த்தம்.
இந்த ஊருக்கு வந்த பதினொரு வருடத்தில்
முகம் தெரியாத ஒருவர் எனக்குச் செய்த முதல் உபகாரம்.
நானும் அடுத்தவருக்கு அடித்தேன்.
கேமராவைத் தாண்டியதும்
என் கையால் வைத்த பலகைகளை
எழுபத்தெட்டில் கடந்தேன்.
ஒரு மணல் மூட்டை கிழிந்திருந்தது,
அதை மட்டும் கவனித்தேன்.

ஜூலையில் கணக்குத் தீர்ந்தது. இரவு வேலை.
ஒரு பக்கம் நில், மறுபக்கம் மெல்ல என்று எழுதிய
தடியைப் பிடித்துக்கொண்டு
மின்னும் சட்டையில் நான்.
எனக்குப் பின்னால், மண்வெட்டியோடு, டொங்காக்காரன் தெவிட்டா.
குளிர் எலும்பை எண்ணியது.
வந்தார்கள்,
எண்பதில், தொண்ணூறில்,
நாலு மாதம் பொய் சொன்ன பலகையை
யார் திரும்பிப் பார்ப்பார்?
அதே நாற்பது.
இன்றைக்கு உண்மை என்று
அதில் எங்கே எழுதுவது?

ஒரு சின்ன நீலக் கார்
கூம்புகளை வாரிக்கொண்டு போனது.
தெவிட்டா பள்ளத்துக்குள் பாய்ந்தான்.
வாத்துகள் எழும்பின.
கடைசிப் பலகை இரண்டாய் மடிந்தது.
பிறகு பிரேக் சத்தம்,
அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

இறங்கி ஓடிவந்தவள் ஒரு தாதி,
இரவு வேலைக்குப் போகிறவள், சீருடையில்.
ஒருநாளும் ஒருத்தரும் இருந்ததில்லையே,
ஒருநாளும் ஒருத்தரும் இருந்ததில்லையே என்று
அழுதாள்.
பொய் இல்லை.
தெவிட்டா ஏறிவந்து
சப்பாத்தைக் கழற்றித் தண்ணியை ஊற்றினான்.
மண்வெட்டியைத் தேடினான்.
அவளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

விடிய அஞ்சு மணிக்கு
கிடக்கட்டும் என்றான் கிரெய்க்.
நான் கூலி கேட்கவில்லை.
கறுப்புப் பைகளை எடுத்துக்கொண்டு
மிச்சம் இருபத்தொரு பலகைக்கும்
ஒவ்வொன்றாய்த் தலைமூடிக் கட்டினேன்.
கை விறைத்து, முடிச்சு விழ நேரம் எடுத்தது.

வீட்டுக்குப் போகும்போது
அதே வீதி.
இப்போது எண்பதுக்கு எனக்கு உரிமை இருந்தது.
கால் நாற்பதுக்கு மேல் அழுத்த மறுத்தது.
பின்னால் ஒருவன்
ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.